ஃபில்டர் மூடியைத் திறந்தாலே ஆயில் பெண்ட் பைப் மேல் கொட்டுகிறது, சிந்தாமல் மாற்ற வழி சொல்லுங்கள்

வைகை தென்கரை

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வண்டி 2013 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக், அப்பா வாங்கியது. அவர் இருந்தவரை ஆயில் மாற்றுவதை வெளியே விட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்துவிடுவார், நான் டார்ச் பிடிப்பேன். ஆனால் அது ஊரில், மண் வாசலில். நாலு சொட்டு சிந்தினால் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இங்கே வண்டி நிற்பது பார்க்கிங் டைல்ஸ் போட்ட போர்டிகோவில். அதுவும் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தினமும் கழுவிவிடும் இடம்.

நடுவில் இரண்டு வருடம் வெளியே சர்வீசுக்கு விட்டேன். ஒரு தடவை பில்லில் ஃபில்டருக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஏதோ சந்தேகத்தில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பழைய ஃபில்டர்தான் உட்கார்ந்திருந்தது. காகித மடிப்புகள் எல்லாம் தார் மாதிரி கறுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி அப்பா செய்த மாதிரி நானே செய்வது என்று.

பழைய ஆயிலை இறக்க இன்ஜின் அடியில் இருக்கும் டிரெய்ன் போல்ட் பக்கம் எனக்குப் பிரச்சினை இல்லை. கீழே பேசின் வைத்தால் ஆயில் நேராக அதில் விழுகிறது. சிக்கல் முழுதும் ஃபில்டரில்தான். வண்டியின் வலது பக்கத்தில் வட்ட மூடி, மூன்று போல்ட். போன மாதம் மூன்றாவது போல்ட்டைக் கழற்றியதும் மூடி 'ப்ளக்' என்று விட்டுக்கொண்டு வந்தது. ஆயில் நாக்கு மாதிரி இன்ஜின் மேலேயே வழிந்து இறங்கி, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் பெண்ட் பைப் மேல் விழுந்து, பைப்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடி, நான் பேசினே வைக்காத இடத்தில் போய்ச் சொட்டியது. துணியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் தட்டு அகலத்துக்குக் கறை. அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பைப்பிலிருந்து புகை. எதிர்வீட்டில் வெளியே வந்து பார்த்தார்கள். வாடை இரண்டு நாள் போகவில்லை.

வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், எப்போதும் போடும் இடத்தை விட்டு இரண்டடி தள்ளிக் கோலம் போட்டிருந்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அடுத்த மாற்றம் இரண்டு வாரத்தில் வருகிறது. இந்த மூடியைத் திறக்கும்போது ஆயில் எங்கே போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியுமா? வந்த கறையை எப்படி எடுப்பது? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

பல்லடம் ரோடு

ப்ரோ, ஆயில் ஆறியதும் திறங்க, கீழே நாலு நியூஸ் பேப்பர் விரித்துவிடுங்க. நான் அப்படித்தான் செய்கிறேன். பெரிய விஷயம் இல்லை.

பழைய வேன்காரன்

தம்பி, பேப்பர் மட்டும் போதாது. ஆயில் பேப்பரில் விழுந்த இடத்திலேயே நிற்காது, ஊறி அடியில் இறங்கும். வேலை முடித்துப் பேப்பரைத் தூக்கும்போதுதான் டைல்ஸ் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும்.

நான் திண்டுக்கல். இருபத்திரண்டு வருடமாக வேன் ஓட்டுகிறேன். ஆயில், ஃபில்டர், பிரேக் அட்ஜஸ்ட்மெண்ட் எல்லாம் என் கைதான். வீட்டில் மகனுடைய வண்டியும் உங்களுடையதைப் போன்ற கிளாசிக் 350-தான், அதையும் நான்தான் பார்க்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிவிட்டால் இன்ஜினில் இருந்த ஆயில் எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அது கீழே தேங்கியிருக்கும் ஆயில். ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் குழி தனி. பம்ப் அங்கே தள்ளிய ஆயில் அங்கேயேதான் நிற்கும். ஃபில்டர் காகிதமும் நன்றாகக் குடித்து வைத்திருக்கும். மூடிதான் அந்தக் குழிக்குச் சுவர். சுவரை ஒரே இழுப்பில் எடுத்தீர்கள், தண்ணீர்த் தொட்டியை உடைத்த மாதிரி எல்லாம் ஒரேயடியாக வந்தது. ஆயில் வரத்தான் செய்யும், அதை நிறுத்த முடியாது. மெதுவாக வரவைக்கலாம், வழி போட்டுக் கொடுக்கலாம்.

நான் செய்யும் முறை இது. இன்ஜினை மூன்று நாலு நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் வெதுவெதுப்பானால் இளகி நன்றாக இறங்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரப்படவே கூடாது. சொட்டு நின்ற பிறகு புது வாஷர் போட்டு போல்ட்டை மூடிவிடுங்கள். இந்த இடத்தில் எல்லோரும் உடனே ஃபில்டருக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். பெண்ட் பைப் கையால் தொடும் அளவுக்கு ஆற வேண்டும். ஒரு மணி நேரமாவது விடுங்கள், குளித்துச் சாப்பிட்டு வாருங்கள்.

அப்புறம்தான் முக்கியமான சங்கதி. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி சைடு ஸ்டாண்டில் போடுங்கள். சைடு ஸ்டாண்டு இடது பக்கம், ஃபில்டர் மூடி வலது பக்கம். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் ஃபில்டர் குழியின் வாய் கொஞ்சம் மேலே பார்க்கும். அதில் இருக்கும் ஆயிலில் ஒரு பங்கு வெளியே வராமல் கிண்ணத்தில் நிற்கிற மாதிரி நின்றுவிடும். முழுதும் நிற்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேகம் போய்விடும். மூடியை எடுத்ததும் மிச்சத்தை சிரிஞ்சால் இழுத்துவிடலாம். மெடிக்கலில் ஊசி இல்லாமல் 50 மில்லி சிரிஞ்ச் கேளுங்கள், தருவார்கள். மீன் தொட்டிக்குப் போடும் சின்ன டியூபில் ஒரு விரல் நீளம் வெட்டி அதன் மூக்கில் மாட்டினால் குழியின் அடிவரை போகும்.

மூடியைத் திறப்பதற்கு முன்னால் பெண்ட் பைப்பை மூட வேண்டும். அடுப்படியில் சப்பாத்தி சுற்றி வைக்கும் ஃபாயில் இருக்கும் அல்லவா, அதை இரண்டு மடிப்பாக எடுத்து பைப் மேல் அமுக்கிவிடுங்கள். அது மேலே படுவதைத் தடுக்க மட்டும்தான். வழி போட பால் பாக்கெட் கவர். அரை லிட்டர் கவரைக் கழுவிக் காயவைத்து, ஒரு பக்கம் முழுதும் பிளந்தால் நீளமாக விரியும். ஒரு ஓரத்தை மூடிக்கு நேர் கீழே, இன்ஜினோடு ஒட்டி, டேப் போடுங்கள். டேப் ஒட்டும் இடத்தை முதலில் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, ஈரம் போகக் காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டேப் பிடிக்காது, நடுவில் விட்டுக்கொண்டு காலை வாரிவிடும். மறு ஓரத்தை நடுவில் மடித்து வாய்க்கால் மாதிரி ஆக்கி பேசினுக்குள் விட்டுவிடுங்கள். பால் கவர் எதற்கு என்றால், அது வளைத்தபடி வளையும், ஓட்டை இருக்காது, வேலை முடிந்ததும் சுருட்டித் தனியாகக் கட்டி வைத்துவிடலாம். பைப் சூடாக இருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்த ஒரு மணி நேரம்.

இப்போது போல்ட். மூன்றையும் இரண்டு இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஒன்றையும் முழுதாகக் கழற்ற வேண்டாம். மூடி உடனே வராது, உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கவ்விப் பிடித்திருக்கும். மூடியின் கீழ் ஓரத்தை விரலால் லேசாக அசைத்துக்கொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது, அலுமினியம் கீறினால் அந்த இடத்தில் காலத்துக்கும் கசியும். கீழ் ஓரத்தில் மயிரிழை விட்டதும் ஆயில் நூல் மாதிரி இறங்கும். அது பால் கவரில் விழுந்து பேசினுக்குப் போவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். நூல் சொட்டாக மாறிய பிறகு போல்ட்டைக் கழற்றி மூடியை எடுங்கள். போல்ட் மூன்றும் ஒரே நீளமா, எது எந்த ஓட்டை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரை வெளியே எடுக்கும்போது கீழே ஒரு டப்பாவை ஏந்திக்கொண்டே எடுங்கள். ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எடுக்கும் முன்பே போனில் ஒரு படம் பிடித்துவிடுங்கள், புதிதை அதே மாதிரி வைக்க வேண்டும்.

தரைக்கு வருகிறேன். பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில், கோயில் திருவிழா முடிந்ததும் யாரிடம் கேட்டாலும் தருவார்கள். வண்டிக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை போகிற நீளம் வேண்டும். அதன்மேல் உரச் சாக்கைப் பிரித்துப் போட்டு, அதற்கு மேல் மரத்தூளோ பேப்பரோ. பிளெக்ஸ் எதையும் கீழே விடாது, சாக்கு ஓடவிடாது, மரத்தூள் குடித்துக்கொள்ளும். ஓரங்களை ஒரு விரற்கடை மடித்துவிட்டால் வெளியே வழியவே வழியாது. பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு அட்டையை நிறுத்தி வையுங்கள். டயரில் ஆயில் பட்டு அதைக் கவனிக்காமல் வளைவில் சாய்த்தால் விழுவது நாம். இதைமட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூடும்போது: பழைய ஓ-ரிங்கைத் தூர எறியுங்கள், ஃபில்டரோடு வருவதைப் போடுங்கள். பழையது மூடியில் இல்லை என்றால் இன்ஜின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வேனில் ஒரு தடவை இதில் மாட்டினேன். வேனில் இருப்பது டப்பா மாதிரி திருகும் ஃபில்டர், அதன் ரப்பர் வாஷர் வெளிப்பக்கம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றினேன், வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டது, நான் பார்க்கவில்லை. அதன்மேல் புது வாஷரோடு புது ஃபில்டரைத் திருகிவிட்டேன். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியவில்லை. தெரு முனை தாண்டி ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ஆயில் அழுத்தம் ஏறி, இரண்டு ரப்பருக்கும் நடுவில் பிய்த்துக்கொண்டு அடித்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்தி இறங்கினால், வீட்டிலிருந்து அதுவரை ரோட்டில் கறுப்புக் கோடு. வேனில் பிள்ளைகள் யாரும் இல்லை, அந்த நேரத்தில் பின்னால் டூவீலர் எதுவும் வரவில்லை. வீட்டுக்கு ஓடி மரத்தூள் மூட்டையைத் தூக்கி வந்து அந்தக் கோடு முழுதும் நானே கொட்டினேன். அன்றிலிருந்து விரலால் தடவிப் பார்க்காமல் எந்த ஃபில்டரும் மாட்டுவதில்லை.

புது ஓ-ரிங்கில் புது ஆயிலை ஒரு சொட்டு தடவி உட்காரவையுங்கள், சுருண்டுகொள்ளாது. போல்ட்டுகளை முதலில் கையால், அப்புறம் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. சின்ன போல்ட், அலுமினியத்தில் பிடிக்கும் மரை. மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் வேண்டாம்.

வைகை தென்கரை

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. சைடு ஸ்டாண்டு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாகூட டிரெய்ன் முடிந்ததும் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். அது ஓய்வுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்காகத்தான் இருந்திருக்கும் போல.

ஒரு சந்தேகம். சைடு ஸ்டாண்டிலேயே வைத்துப் புது ஆயில் ஊற்றலாமா? அப்புறம் ஆயில் பார்க்கும் கண்ணாடியில் அளவு சரியாகத் தெரியுமா?

பழைய வேன்காரன்

ஃபில்டர் மூடியை மூடும் வரைதான் சைடு ஸ்டாண்டு. ஊற்றும்போது மறுபடியும் சென்டர் ஸ்டாண்டு, வண்டி நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கண்ணாடியில் அளவு குறைவாகக் காட்டும், அதை நம்பி அதிகமாக ஊற்றிவிடுவீர்கள். முதலில் 2 லிட்டர் ஊற்றி, மூடியைப் போட்டு, ஒரு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு அணையுங்கள். புது ஃபில்டரும் அந்தக் குழியும் தன் பங்கைக் குடித்துக்கொள்ளும். அஞ்சு பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கட்டும்.

ஆயில் 15 டபிள்யூ 50, அது ஆயிலின் கெட்டித்தன்மைக்கான எண். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்கிறதா பாருங்கள், கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் பைக்குகளுக்கான தரக்குறி அது. இந்த வண்டியில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. கார் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

வாசல் திண்ணை

நான் திருச்சி. நான் பேச வந்தது அந்த வீட்டுக்கார அம்மா பக்கம். என் வீட்டிலும் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் இரண்டு வண்டி நிறுத்துகிறார்கள், இந்தக் கறையோடு நான் மாரடித்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன் தம்பி.

ஆயில் சிந்தினால் முதலில் கை போவது தண்ணீர் வாளிக்கு. அதைத்தான் செய்யக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் தட்டளவு இருந்தது முறமளவு ஆகும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டுக்குள் இறங்கிவிடும். தேய்க்கவும் வேண்டாம். பழைய துணியை மேலே வைத்து ஒற்றி எடுங்கள். அதன்மேல் மரத்தூளோ, வீட்டில் மிச்சம் கிடக்கும் சிமெண்டுத் தூளோ விரற்கடை கனத்துக்குக் கொட்டி, காலால் லேசாக மிதித்து, ராத்திரி முழுதும் விடுங்கள். காலையில் காய்ந்தபடியே கூட்டி அள்ளுங்கள். சிமெண்டு என்றால் ஈரம் படக் கூடாது, இறுகிவிடும். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

உங்களுடையது ஒரு மாதக் கறை. அதற்குத் துணி துவைக்கும் சோப்புத் தூளில் கொஞ்சம் வெந்நீர் விட்டு இட்லி மாவு பதத்தில் குழைத்து அப்பிவிடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் கல் வைத்துவிட்டால் காயாது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நார் பிரஷ்ஷால் தேய்த்து, முதல் அழுக்கைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் கழுவுங்கள். ஒரே தடவையில் போகாது. நான் மூன்று வாரம், வாரம் ஒரு தடவை செய்தேன். சாயை மாதிரி ஒன்று மிச்சம் இருக்கிறது, தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

பெட்ரோல், டீசல் ஊற்றித் தேய்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். கறை இளகி இன்னும் ஆழமாக இறங்கும். போர்டிகோவில் பெட்ரோல் வாடையோடு யாராவது விளக்கு ஏற்றினால் என்ன ஆகும்?

இன்னொன்று. போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "அம்மா, என்னால்தான் ஆச்சு, நானே சுத்தம் செய்து தருகிறேன், அடுத்த தடவை கீழே விரிப்பு போட்டுச் செய்கிறேன்" என்று. அவர் கோபத்தில் தள்ளிப் போட்டிருக்கமாட்டார். எண்ணெய் இருக்கும் இடத்தில் கோலமாவு கறுத்து ஈரமாகிவிடும், கோடு நிற்காது. அதனால்தான் தள்ளிப் போட்டிருப்பார்.

பல்லடம் ரோடு

வேன்கார அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு என் பார்க்கிங்கில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கறை இருக்கிறது. நான் சொன்னது தப்பு. நானும் பிளெக்ஸ் தேடுகிறேன்.

பழைய ஆயிலை எல்லோரும் என்ன செய்கிறீர்கள்? எங்கள் பக்கம் கான்கிரீட் போட அடிக்கும் சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிக்கொண்டு போவார்கள்.

பழைய வேன்காரன்

பலகைக்கு, கறையானுக்கு என்று இங்கேயும் கேட்பார்கள். முன்பெல்லாம் நானும் கொடுத்திருக்கிறேன், இப்போது கொடுப்பதில்லை. ஓடிய ஆயிலில் இன்ஜின் தேய்ந்த உலோகத்தூளும் எரிந்த கரியும் கலந்திருக்கிறது. மழை பெய்தால் அது மண்ணுக்குத்தான் போகும், அங்கிருந்து கிணற்றுக்கு. சாக்கடையில் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அபாயக் கழிவுகளுக்கான 2016 விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது. அதை மறுபடியும் சுத்தம் செய்து ஆயிலாக்க அனுமதி பெற்ற ஆலைகள் இருக்கின்றன. பெரிய பட்டறைகளில் டிரம்மில் சேர்த்து வைத்து, எடுக்க வருகிறவர்களிடம் கொடுப்பார்கள். யாருக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அனுமதி உள்ளவர்களுக்குக் கொடுக்கும் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றிக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள்.

ஃபில்டரை உடனே குப்பையில் போட வேண்டாம். ஒரு டப்பாவில் குப்புற நிறுத்தி ஒரு ராத்திரி விட்டால் அதிலிருந்தே இன்னும் இறங்கும். அதையும் ஆயிலோடு சேர்த்துப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள். கையுறை போடுங்கள். கறுத்த ஆயிலில் தினமும் கை வைத்தால் தோலுக்கு நல்லதல்ல. என் கை விரல் இடுக்கில் வெடிப்பு வந்த பிறகுதான் நான் போட ஆரம்பித்தேன்.

வைகை தென்கரை

நேற்று மாற்றிவிட்டேன். எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இதே வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

பிளெக்ஸ் எங்கள் தெரு டீக்கடையில் கிடைத்தது. காலை ஆறரைக்கு டிரெய்ன், எட்டு மணிக்கு சைடு ஸ்டாண்டு. பால் கவரை முதல் தடவை ஒட்டியபோது டேப் விட்டுக்கொண்டது. துடைத்தது போதவில்லை. இரண்டாவது தடவை சோப்புத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, விரலால் தேய்த்துப் பார்த்தேன், கிறீச்சென்றது. அதற்குப் பிறகு நன்றாகப் பிடித்தது.

போல்ட்டைத் தளர்த்தி மூடியின் கீழ் ஓரத்தை அசைத்ததும், அண்ணன் சொன்ன அதே நூல். பால் கவரின் மடிப்பில் இறங்கி, நுனியில் ஒரு கணம் தேங்கி, பேசினில் விழுந்தது. பத்து நிமிடம் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியை எடுத்தபோது குழியில் அரைவாசிக்குக் கீழே நின்றது. சிரிஞ்சால் மூன்று தடவை இழுத்தேன், தீர்ந்தது. பெண்ட் பைப் ஃபாயிலில் இரண்டே சொட்டு. பழைய ஓ-ரிங் இன்ஜின் பக்கம்தான் ஒட்டியிருந்தது, மூடியில் இல்லை. தடவிப் பார்க்காமல் விட்டிருந்தால் அதன்மேலேயே புதியதைப் போட்டிருப்பேன்.

2 லிட்டர் ஊற்றி ஓடவிட்டுப் பார்த்தபோது கண்ணாடியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்ததும் நடுவில் நின்றது. புகை இல்லை, வாடை இல்லை. இன்று காலையில் மூடியைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது.

கறைக்கு சோப்புத் தூள் வைத்தியம் முதல் சுற்று முடிந்தது, பாதி வெளுத்திருக்கிறது. திருச்சி அம்மா சொன்னபடி வீட்டுக்கார அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அந்த இடத்துல மாவு நிக்க மாட்டேங்குதுப்பா, அதான்" என்றார். நார் பிரஷ்ஷும் அவர்தான் கொடுத்தார். அடுத்த சுற்று வரும் ஞாயிறு.